ஈரலும் தோப்பு நிழலும்

நான் கால்நடை மருத்துவர். இதைச் சொன்னவுடன் கேட்பவர்கள் மனதில் ஒரு பசுவும் கன்றும் வந்து நிற்கும், முகம் மலரும். "எங்க வேலை?" என்பார்கள். "நகராட்சி இறைச்சிக் கூடத்துல, பன்றிப் பிரிவு" என்றால் பசுவும் கன்றும் ஓடிப்போய்விடும். என் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் இன்றும் நான் மாட்டாஸ்பத்திரியில் இருப்பதாகத்தான் வெளியில் சொல்லிக்கொள்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். எனக்கு இந்த வேலை பிடிக்கும். பிடிக்காத நாட்களிலும் ஒழுங்காகச் செய்வேன்.

ஞாயிற்றுக்கிழமை வியாபாரத்துக்காகச் சுற்றுவட்டாரத்துப் பன்றிக்கறிக் கடைக்காரர்கள் விடிகாலையில் பன்றிகளை எங்கள் கூடத்துக்குக் கொண்டுவருவார்கள். உயிரோடு இருக்கும்போது ஒரு முறை பார்ப்பேன். நடை சரியா, மூச்சு சரியா, தோலில் ஏதாவது தடிப்பா என்று. அறுத்த பிறகு உள்ளே பார்ப்பேன். நுரையீரல், இதயம், கல்லீரல், குடல். எல்லாம் நன்றாக இருந்தால் முத்திரை குத்துவேன். ஓர் உறுப்பு மட்டும் கெட்டிருந்தால் அதை வெட்டி எறிந்துவிட்டு மற்றதற்கு முத்திரை. மொத்தமும் கெட்டிருந்தால் குழி. சட்டம் என்னிடம் கேட்பது அவ்வளவுதான்.

அந்த அவ்வளவுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று என் கணவர் சொல்வார். அவர் சொல்வதில் இது ஒன்றுதான் உண்மை. நோயாளியைத் திறந்து பார்த்து, நோய் இன்னதென்று கண்டுபிடித்து, அதைக் குழியில் போட்டு மூடிவிட்டு, நோயாளி வீட்டில் யாரிடமும் வாயைத் திறக்காமல் வருகிற வைத்தியம் வேறெங்காவது உண்டா? இந்தப் பன்றி செத்துவிட்டது, சரி. இதன் கூடப் பிறந்தவை அங்கே கொட்டகையில் அதே தீனியைத் தின்று, அதே தரையில் படுத்து, அதே நோயோடு மூச்சு வாங்கிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கு என்ன செய்ய வேண்டும் என்கிற தகவல் என் கத்தி முனையில் இருக்கிறது. அதை யாருக்குச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

ஏன் தெரியவில்லை என்றால், எந்த ஈரல் எந்தப் பண்ணையுடையது என்று யாருக்கும் தெரியாது. குட்டியானை என்று நாங்கள் சொல்லும் சின்ன லோடு வண்டியில் நாலைந்து பண்ணைப் பன்றிகள் ஒன்றாக வந்து இறங்கும். முதுகில் சாயம் பூசி அடையாளம் வைத்திருப்பார்கள். சுடுதண்ணீர் ஊற்றி மயிரைச் சுரண்டும்போது சாயமும் சேர்ந்து போய்விடும். அதற்குமேல் எல்லாப் பன்றியும் ஒரே பன்றிதான். ஈரல்களை அள்ளி ஒரே அலுமினிய அண்டாவில் போட்டுவிடுவார்கள்.

அறுப்பவர்களில் மூத்தவர் ஒரு கறிக்கடை அண்ணன். நல்ல மனிதர், ஆனால் புதிதாக எதைச் சொன்னாலும் முதலில் முடியாது என்பார், பிறகுதான் என்னவென்று கேட்பார். அவரிடம், ஒவ்வொரு பன்றியின் ஈரலையும் நுரையீரலையும் அதன் உடல் தொங்கும் கொக்கியிலேயே மாட்டி வைக்கச் சொன்னேன்.

"மேடம், ஈரலுக்கு எதுக்கு ஊரு பேரு? ரேஷன் கார்டா வாங்கப் போவுது?" என்றார்.

மறு வாரம் பேன்சி ஸ்டோரில் பள்ளிக்கூடப் பெண்கள் இரட்டைச் சடைக்குக் கட்டுகிற ரிப்பன்களில் எல்லா நிறத்திலும் வாங்கிப்போனேன். பன்றி வண்டியிலிருந்து இறங்கியதும் பின்னங்காலில் ரிப்பன். பண்ணைக்கு ஒரு நிறம். சுடுதண்ணீரில் சாயம் போகும், முடிச்சுப் போட்ட ரிப்பன் போகாது. அண்ணன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்.

"ரிப்பன் கட்டிப் பள்ளிக்கூடத்துக்கா அனுப்புறீங்க?"

"ஆமாண்ணே. இன்னைக்குப் பரீட்சை. ரிசல்ட்டு ஈரல்ல வரும்."

அவர் சிரித்துவிட்டார். சிரித்தால் பாதி சம்மதம். மீதிப் பாதி சம்மதம் தானாக வந்தது. கெட்ட ஈரலை நான் வெட்டி எறிந்தால் நஷ்டம் அவருக்குத்தான். எந்தப் பண்ணை ஈரல் கெட்டு வருகிறது என்று தெரிந்தால் அங்கே போய் நாலு வார்த்தை கேட்கலாம் அல்லவா? அதற்குப் பிறகு ரிப்பன் கட்ட மறந்தால் அவரே வண்டிக்காரரைத் திட்ட ஆரம்பித்தார்.

பார்த்ததைக் குறித்து வைக்க வேண்டுமே. கணினியில் போடலாம்தான். ஆனால் கூடத்தில் வேலை செய்பவர்களும் பண்ணைக்காரர்களும் பார்க்கும்படி இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். மளிகைக் கடை, நகைக் கடை, அரிசி ஆலை என்று எல்லோரும் கொடுக்கிற மாதக் காலண்டர்கள் வீட்டில் குவிந்து கிடந்தன. பண்ணைக்கு ஒன்று என்று சுவரில் மாட்ட நினைத்தேன். அண்ணன் தடுத்துவிட்டார். "சாமி படத்த இங்க மாட்டாதீங்க மேடம், நல்லதில்ல." எங்கள் ஊரில் சாமி படம் இல்லாத காலண்டர் கிடைப்பது சாதாரணக் காரியமா? தேடித் தேடி அருவி, பனிமலை, ரோஜாப்பூ, சிரிக்கிற குண்டுக் குழந்தை என்று சேர்த்தேன். ஈரல் கெட்டிருந்த தேதியில் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு, நுரையீரல் கெட்டிருந்தால் கறுப்புப் பொட்டு. எல்லாம் நன்றாக இருந்தால் பச்சை. இது நடந்தது ஒரு தை மாதத்தில்.

பண்ணைக்காரர்களின் நம்பரையும் வாங்கிக்கொண்டு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். 'உங்கள் பன்றியின் நுரையீரல். கொட்டகையில் காற்றோட்டம் போதவில்லை' என்று ஒரு வரி எழுதுவேன். முதலில் யாரும் பதில் போடவில்லை. அதிகாலையில் ரத்தத்தோடு ஒரு படம் வந்தால் யார்தான் பதில் போடுவார்கள்? சீர்காழிப் பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர் மட்டும் கொட்டகையின் பக்கச் சுவரைப் பாதி இடித்துவிட்டார். அவருடைய பனிமலைக் காலண்டரில் கறுப்புப் பொட்டு மெல்லக் குறைந்து, ஒரு நாள் சுத்தமான நுரையீரல் படம் போயிற்று. அதை அவர் ஸ்டேட்டஸ் வைத்துவிட்டார், ஓரத்தில் ரோஜாப்பூவெல்லாம் போட்டு. அவருடைய மாமியார் வீட்டில் அதைப் பார்த்துப் பயந்துபோய் ஆஸ்பத்திரியில் யாரைச் சேர்த்திருக்கிறீர்கள் என்று போன் செய்தார்களாம்.

ஆனால் மஞ்சள் ரிப்பன்தான் என்னைத் தூங்கவிடவில்லை. மஞ்சள் ரிப்பனுக்குக் குண்டுக் குழந்தைக் காலண்டர். சித்திரை பிறந்ததிலிருந்து அந்தக் குழந்தைக்குக் கீழே சிவப்புப் பொட்டு குவிய ஆரம்பித்தது. ஈரல் முழுக்கப் பால் தெளித்த மாதிரி வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. உருளைப் புழுவின் வேலை அது. மண்ணில் கிடக்கும் புழு முட்டையைப் பன்றி தின்றுவிடும். முட்டையிலிருந்து வரும் குஞ்சுப் புழு குடலைத் துளைத்து ஈரலுக்குப் போகும், ஈரலைத் துளைத்துக்கொண்டு நுரையீரலுக்குப் போகும், பன்றி இருமும்போது தொண்டைக்கு வந்து மறுபடி வயிற்றில் இறங்கிப் பெரிய புழுவாகும். ஈரலில் அது போன வழியெல்லாம் தழும்பு. அந்தத் தழும்பு ஒன்றரை மாதத்துக்குள் ஆறி மறைந்துவிடும். ஆகவே புள்ளி இருந்தால், புழு உள்ளே போய் அதிக நாளாகவில்லை என்று அர்த்தம்.

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வண்டியோடு ஒரு பெண் வந்து இறங்கினார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை போட்டிருந்தார். நேராக என்னிடம் வந்தார்.

"எங்க பன்னிய மட்டும் குறி வச்சு ஈரல அறுத்து எறியுறீங்களாமே டாக்டரம்மா? நாங்க உங்களுக்கு என்ன பாவம் பண்ணோம்?"

"நீங்க மஞ்சள் ரிப்பனா?" என்றேன்.

"நான் தாராசுரத்துக்கு அந்தாண்ட. ரிப்பன் கிப்பன்லாம் எனக்குத் தெரியாது."

சண்டைக்கு வந்தவரிடம் எனக்கு உடனே ஒரு பிரியம் வந்துவிட்டது. என்னைப் போன்ற ஆள். கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனேன். அவருடைய பன்றியின் ஈரலையும் பக்கத்துக் கொக்கியில் தொங்கிய ஊதா ரிப்பன் ஈரலையும் ஒன்றாகப் பிடித்துக் காட்டினேன். அதற்குமேல் நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இத்தனை காலம் பன்றி வளர்த்தும் அவர் தன் பன்றியின் உள்ளே பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அய்யோ, இவ்வளவு வேதனையோடவா தின்னுக்கிட்டு இருந்துச்சு?" என்றார்.

பிறகு உட்கார்ந்து பேசினோம். கல்யாண மண்டபங்களில் மிஞ்சுவதை எடுத்துவந்து கொதிக்க வைத்துப் போடுகிறாராம், ஆலையிலிருந்து தவிடு. தீனிக்குக் குறைவில்லை. ஆனால் தின்பது எங்கே போகிறது என்றே தெரியவில்லை. எடை ஏற மாட்டேன் என்கிறது, எந்நேரமும் இருமல். அவருடைய அப்பா அம்மா அடுத்தவர் வயலில் நாற்றுப் பறித்தவர்கள், நட்டவர்கள். இவருடைய கணவர் வளைகுடா நாட்டில் கம்பி கட்டும் வேலைக்குப் போய், வருஷக்கணக்காக அங்கேயே இருந்து, திரும்பி வந்து ஒரு சின்னத் தென்னந்தோப்பு வாங்கி, அதன் ஓரத்தில் தன் கையாலேயே பன்றிக் கொட்டகை கட்டியிருக்கிறார்.

"அவரு வந்து ரெண்டு வருசந்தான் ஆவுது டாக்டரம்மா. எம்மவ அவங்க அப்பாவ போன்லதான் பாத்து வளந்தா. இப்பதான் பக்கத்துல உக்காந்து சாப்புடுறா. பன்னி இப்பிடியே இருந்தா, அடுத்த ஆடி வரைக்கும் பாப்பேன், ஆவணியில மறுபடி கெளம்பிடுவேன்னு சொல்லிட்டாரு. அவரு சொன்னா சொன்னதுதான்." கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் அழவில்லை. ஆனால் அந்தச் சட்டைக் கையின் நுனியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

அன்றிலிருந்து அவர் எனக்கு அக்கா, மஞ்சள் ரிப்பன் வெறும் ரிப்பனாக இல்லை.

வயிற்றுப் பூச்சி மருந்தைத் தீனித் தொட்டியில் கலந்து கொட்டுவார்களாம். முரட்டுப் பன்றி இரண்டு பங்கு தின்னும், நோஞ்சான் பக்கத்திலேயே போக முடியாது. மருந்தை மாற்றி, ஒவ்வொன்றுக்கும் எடை பார்த்துத் தனித்தனியாகக் கொடுக்கச் சொன்னேன். அக்கா சொன்னபடி செய்தார். ஆவணியில் பொட்டு குறைந்தது. புரட்டாசியில் இன்னும் குறைந்தது. ஐப்பசி மழையில் கூடத்துக்கு முன்னால் முழங்கால் தண்ணீர் நின்றபோது, மஞ்சள் ரிப்பனில் ஓர் ஈரல் கண்ணாடி மாதிரி வந்தது. பச்சைப் பொட்டு ஒட்டினேன். கறிக்கடை அண்ணன் டீயும் பஜ்ஜியும் வாங்கிவந்தார். கார்த்திகை, மார்கழி, தை, மாசி எல்லாம் பச்சை. மருந்துதான் காரணம் என்று எல்லோரும் நம்பினோம். அக்கா பொங்கலுக்கு ஒரு பை நிறைய மஞ்சள் கொத்தும் தேங்காயும் கொண்டுவந்து கொடுத்தார். அவ்வளவு பெரிய தேங்காயை நான் பார்த்ததில்லை.

அடுத்த வைகாசியில் புள்ளி திரும்பி வந்தது.

முதல் ஈரலைப் பார்த்தபோது ரிப்பன் மாறிவிட்டது என்று அண்ணனிடம் கத்தினேன். மாறவில்லை. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது இன்னும் மோசம். அக்காவுக்குப் படம் அனுப்பக் கை வரவில்லை. ஆனால் நல்லதை மட்டும் அனுப்புவது வைத்தியம் இல்லையே, அனுப்பினேன். பதிலுக்குப் போன் வந்தது.

"மருந்து தவறாம குடுத்தேன் டாக்டரம்மா. எம்மவ மேல சத்தியமா குடுத்தேன்."

"நீங்க குடுத்தீங்கக்கா. எனக்குத் தெரியும். தப்பு வேற எங்கயோ இருக்கு."

போனை வைத்துவிட்டு அந்தக் குண்டுக் குழந்தையின் முன்னால் போய் நின்றேன், இந்த வருஷக் காலண்டரிலும் அதே குழந்தைதான். எனக்கு வந்த கோபத்துக்கு அதன் சிரிப்பைப் பார்க்கவே பிடிக்கவில்லை. புதுக் காலண்டரின் தாள்களைப் புரட்டினேன். போன வருஷத்துக் காலண்டரை எடுத்து அதையும் புரட்டினேன். அப்போதுதான் அது கண்ணில் பட்டது. போன வருஷம் தையிலும் மாசியிலும்கூட மஞ்சள் ரிப்பனுக்குச் சிவப்புப் பொட்டு இல்லை. அப்போது நான் மருந்தை மாற்றவேயில்லை, அந்த அக்காவை எனக்குத் தெரியவே தெரியாது. இரண்டு வருஷமும் மழையிலும் பனியிலும் சுத்தம், கோடையில் புள்ளி. மருந்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கோடையில் அந்தப் பன்றிகள் வேறு எதையோ செய்கின்றன, அல்லது வேறு எங்கோ இருக்கின்றன.

மறுநாளே விடுப்புப் போட்டுவிட்டு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வைகாசி வெயில். வாய்க்கால் வறண்டு, உளுந்து எடுத்த வயல்கள் வெடித்துக் கிடந்தன. அக்காவின் கொட்டகைக்குப் போனால் கொட்டகை காலி. சிமெண்டுத் தரை கழுவி விட்டதுபோல் பளபளவென்று இருந்தது. ஒரு பன்றிகூட இல்லை.

"எங்கக்கா எல்லாம்?"

"கெடையில கெடக்கு. இந்த வெயில்ல தகரத்துக்கு அடியில வெந்து போவுமே" என்று கொட்டகைக்குப் பின்னால் கையைக் காட்டினார்.

எங்கள் பக்கத்தில் கிடை போடுவது தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். அறுவடை முடிந்த வயலில் ஆட்டு மந்தையை இரவில் அடைத்து வைப்பார்கள். புழுக்கையும் மூத்திரமும் வயலுக்கு உரமாகும். மறுநாள் பட்டியைப் பிரித்துப் பக்கத்தில் போடுவார்கள். அதையே இவர்கள் பன்றிக்குச் செய்திருந்தார்கள். தோப்பில் மூங்கில் தட்டி கட்டி, பங்குனிக் கடைசியில் பன்றிகளை உள்ளே விட்டால் ஆடி வரைக்கும் அங்கேதான். தென்னைக்கு மோட்டார் தண்ணீர் பாய்வதால் மண் எப்போதும் ஈரம், மேலே தென்னை ஓலை நெருங்கிய நிழல். பன்றிகள் சேற்றைக் கிளறிக்கொண்டு அத்தனை சுகமாகப் படுத்திருந்தன. பார்க்க எனக்கே பொறாமையாக இருந்தது.

அக்காவின் கணவர் மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். உயரமான, அதிகம் பேசாத மனிதர். என்னை வாங்க என்றார், இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

"இந்தக் கிடை ஒரே எடத்துலயா போடுறீங்க? மாத்தி மாத்திப் போட மாட்டீங்களா?" என்று கேட்டேன்.

"ஆட்டுக்குன்னா மாத்தலாங்க. பன்னிக்கு நெழலு வேணும். இந்த மூலையிலதான் நாள் முழுக்க நெழலு. வந்த வருசத்துலேருந்து இங்கதான்."

எனக்கு உடம்பெல்லாம் ஒரு பரபரப்பு. வெயிலில் காய்ந்த வயலில் புழு முட்டை செத்துப்போகும். சிமெண்டுத் தரையில் கழுவினால் போகும். ஆனால் நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் வருஷக்கணக்கில் உயிரோடு காத்துக்கிடக்கும். இவர்கள் பாசத்தோடு பன்றிகளுக்கு ஊரிலேயே நல்ல இடத்தைத் தேடிக் கொடுத்து, ஒவ்வொரு கோடையிலும் அதே மண்ணில் புழுவையும் சேர்த்து வளர்த்திருக்கிறார்கள். கிடை என்றால் நகர வேண்டும். இந்தக் கிடை நிழலில் சொக்கிப்போய் நின்றுவிட்டது.

சொன்னேன். எனக்கு மெதுவாகச் சொல்ல வராது, படபடவென்று கொட்டிவிட்டேன். அவர் முகம் இறுகிவிட்டது.

"மேல பாருங்க மேடம்." பார்த்தேன். குலை குலையாகத் தேங்காய். "நான் வாங்குனப்ப இது சொட்டத் தோப்பு. ஒரு மரத்துல ஒழுங்கா காயில்ல. பன்னிக் கெட போட்டுத்தான் இப்பிடி ஆச்சு. இத விட்டுடச் சொல்றீங்க. அதுவும் ஈரலப் பாத்து ஜோசியம் சொல்றீங்க."

"ஜோசியம் இல்லங்க, கணக்கு!"

"என் தோப்புக்கு வராமயே கணக்குப் போட்டீங்களா?"

"தோப்புக்கு வராமயே கோடையில ஏதோ நடக்குதுன்னு கண்டுபிடிச்சேன் பாருங்க, அதுதாங்க கணக்கு!"

கத்திவிட்டேன் போலிருக்கிறது. படுத்திருந்த பன்றிகள் எல்லாம் எழுந்து நின்றுவிட்டன. அக்கா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கணவர் பக்கம் பேசினால் பன்றி போகும், என் பக்கம் பேசினால் அவர் கோபத்திலேயே டிக்கெட் எடுத்துவிடுவார். பாவம், அக்கா இளநீர்க் கூட்டைப் பொறுக்கிப் போடுவதுபோல் குனிந்துகொண்டார்.

கடைசியில் கணவரே ஒரு வழி சொன்னார், வீம்புக்குத்தான். "பாதி இங்க கெடையில இருக்கட்டும். பாதியக் கொட்டகையில அடைக்கிறேன். ஒரே தீனி, ஒரே மருந்து. ஆடியில ரெண்டையும் ஒண்ணா அறுத்துப் பாப்போம். ரெண்டுலயும் புள்ளி இருந்துச்சுன்னா இனிமே எனக்குப் படம் அனுப்பாதீங்க."

இதைவிட நல்ல சோதனையை எனக்குக் கல்லூரியில் யாரும் சொல்லித்தரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். வெளியில் சொல்லவில்லை, கோபமாக இருந்தேன் அல்லவா. கொட்டகைக்குள் போகிறவற்றுக்கு முதலில் மருந்து, தரையைத் தினமும் கழுவ வேண்டும், தகரத்தின் மேல் ஈரச் சாக்கு போட வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். எருவைக் குவித்து நன்றாக மக்க விட்டால் அந்தச் சூட்டில் முட்டை செத்துவிடும், பிறகு தென்னைக்குத் தாராளமாகப் போடலாம் என்பதைக் கேட்டுக்கொண்டார்.

ஆனி முழுக்க அக்காதான் போன் செய்தார். கொட்டகைப் பன்றிகள் வெயிலில் மூச்சு வாங்குகின்றனவாம், கணவர் ஒரு நாளைக்குப் பல தடவை தண்ணீர் அடிக்கிறாராம். "வாய்தான் வீம்பு. கொட்டகைய விட்டு நகர மாட்டேங்குறாரு." ஆனால் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்டும் அவருக்குப் போன் செய்துகொண்டிருந்தான். விசா வந்துவிட்டது. ஆவணி முதல் வாரத்தில் கிளம்ப வேண்டும். பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி வைத்தாயிற்று. அதைச் சொல்லும்போது அக்காவின் குரல் தட்டையாக இருந்தது. என் கணக்கு தவறாக இருந்தால் ஒரு காலண்டரைக் கழற்றி எறிவேன், அவ்வளவுதான் எனக்கு. அவர்களுக்கு அப்படி இல்லையே.

ஆடி ஞாயிறு. கிடையில் இருந்தவற்றுக்கு மஞ்சள் ரிப்பன், கொட்டகையில் இருந்தவற்றுக்குப் பச்சை. அந்த முறை கணவர், மனைவி இருவரும் வந்திருந்தார்கள். அவர் வாசல் பக்கத்துத் தூணில் சாய்ந்து நின்றார், உள்ளே வரவில்லை. கறிக்கடை அண்ணன் அன்று கத்தியை இரண்டு தடவை தீட்டிக்கொண்டார்.

மஞ்சள் ரிப்பன் முதல் ஈரலில் புள்ளி. அடுத்ததில் புள்ளி. எல்லாவற்றிலும் புள்ளி.

பச்சை ரிப்பன் முதல் ஈரல். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சுத்தம். அடுத்தது சுத்தம். அதற்கடுத்ததும். அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டார், நகம் பதிந்தது. நான் ஒவ்வொன்றாக உயர்த்திக் காட்ட, அண்ணன் தூணைப் பார்த்து, "சுத்தம்! இதுவும் சுத்தம்!" என்று ஏலம் விடுகிறவர் மாதிரி சத்தம் போட்டார்.

கடைசிப் பச்சை ரிப்பன் ஈரலை எடுத்தேன். புள்ளி.

கொஞ்சம் இல்லை, நிறையவே. ஒன்றை வைத்துக்கொண்டு ஒட்டுமொத்தத்தையும் தள்ளக் கூடாது என்று படித்திருக்கிறேன். ஆனால் தூணில் சாய்ந்திருக்கிற மனிதருக்கு அதை எப்படிச் சொல்வது? மறைக்கவும் மனம் வரவில்லை. தூக்கிக் காட்டினேன். "இதுல இருக்குங்க" என்றேன். அக்காவின் கை என் தோளிலிருந்து இறங்கியது.

அவர் தூணை விட்டு வந்தார். முதல் தடவையாக உள்ளே வந்து, ஈரலைப் பார்த்து, கொக்கியில் தொங்கிய உடம்பைப் பார்த்து, காதை நிமிர்த்திப் பார்த்தார். காதில் ஒரு பழைய கிழிசல்.

"இது காது கிழிஞ்சது மேடம்" என்றார். "கொட்டகையில இருக்கவே மாட்டேன்னுச்சு. கதவ முட்டித் தள்ளிட்டுத் தோப்புக்கு ஓடிடும். புடிச்சாந்து அடைப்பேன், மறுபடி போய்ச் சேத்துல படுத்துக்கும். இவகிட்டகூட சொல்லல." தனக்குள் சிரித்துக்கொண்டார். "இதுக்குப் புள்ளி இல்லாம இருந்தாத்தான் உங்க கணக்கு தப்பு."

எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கையெல்லாம் ரத்தமாக இருந்ததால் அவர் தப்பித்தார்.

அவர் இன்னும் அந்தச் சுத்தமான ஈரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஒவ்வொரு கொக்கியாக. அவர் பேசியது எங்களிடம் அல்ல, தனக்குத்தானே கணக்குப் போடுகிற மாதிரி இருந்தது.

"கதவுக்குத் தாழ்ப்பா வேற மாதிரி போடணும். தகரம் சரிப்படாது, சாக்கு போட்டாலும் அனலடிக்குது. தோப்புலதான் மட்ட மட்டயா விழுவுதே, கீத்து முடைஞ்சு மேல போட்டுட்டா நெழலு கொட்டகைக்கே வந்துடும். பங்குனிக்குள்ள முடைஞ்சு வச்சுட்டா கோடைக்குச் சரியா இருக்கும்."

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "எந்தப் பங்குனிக்குங்க?" என்று கேட்டார்.

"வர்ற பங்குனிக்குத்தான்."

"வர்ற பங்குனிக்குக் கீத்து யாரு முடையறது?"

அவர் திரும்பி மனைவியைப் பார்த்தார். என்ன கேள்வி இது என்பதுபோலத்தான் முதலில் பார்த்தார். பிறகுதான் அவருக்குத் தான் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது உறைத்தது. சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்து யாரென்று பார்த்தார், பேசவில்லை, அணைத்து உள்ளே வைத்தார்.

"ஏன், எனக்கு முடையத் தெரியாதா?" என்றார்.

அக்கா அந்தச் சட்டைக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு, ஈரத் தரை என்றும் பார்க்காமல் அப்படியே கீழே உட்கார்ந்து அழுதார்.